கணவாய் ஓட்டில் வெள்ளி வார்ப்பது: வீட்டில் முடியுமா?

தெரேஸ்புரத்துக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி தெரேஸ்புரம். அண்ணன் கடலுக்குப் போகிறவர், நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலங்களில் கம்பி வளைத்துக் காதணி செய்து பழகினேன். இப்போது வெள்ளியில் நானே ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை பிடித்துவிட்டது.

ஆசைக்குக் காரணம் எரிச்சல்தான். 'கடற்கரை கலெக்‌ஷன்' என்று போட்டிருந்த ஓர் இணையக் கடையில் 'ஆக்சிடைஸ்டு சில்வர்' சிப்பி டாலர் வாங்கினேன். கொஞ்ச நாள் வேர்வையில் கிடந்ததும் கழுத்தில் பச்சைக் கோடு விழுந்தது. தெருமுனைப் பத்தரிடம் காட்டினால், உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுச் சிரித்தார். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சிப்பியை எங்கள் கரையில் நான் பார்த்ததே இல்லை. பெட்ரோல் பங்க் பலகையில் இருக்குமே, அந்தச் சிப்பி. எங்கள் கரையில் கிடக்கிற மட்டியும் சங்கும் ஒன்றுக்கொன்று கோணலாக, உதடு உடைந்து, மேலே சுண்ணாம்புப் புழு ஏறி இருக்கும். அந்தக் கோணல் அப்படியே வெள்ளியில் வர வேண்டும்.

கணவாய் மீனின் வெள்ளை ஓட்டை அச்சாக வைத்து வெள்ளி ஊற்றுவதை ஒரு வீடியோவில் பார்த்தேன். நாட்டு மருந்துக்கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அதுதானா இது? கரையில் பொறுக்குகிற ஓடு போதுமா? நிஜச் சிப்பியை அதில் அழுத்தி அச்சு எடுக்க முடியுமா? வீட்டில் உருக்குவது ஆபத்தா? இன்னொன்று: என்னிடம் ஒரு டப்பா நிறையப் பவளப்பாறைத் துண்டு இருக்கிறது, காய்ந்த கடற்குதிரை ஒன்றும் இருக்கிறது. எல்லாம் வலையில் வந்தவை. அவற்றை அச்சுக்கு வைக்கலாமா, அல்லது அப்படியே வெள்ளியில் பதிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி பட்டறை எழுதியது:

தங்கச்சி, நாகர்கோவில் வடசேரியில் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பிழைப்பு கெம்புக்கல் பதித்த கோயில் நகை. வெள்ளியில் கட்டி மேலே தங்கம் ஏற்றுவது. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளின் தலைசாமான், ஒட்டியாணம் எல்லாம். கணவாய் ஓட்டு வார்ப்பு அதில் சேராது. அதை நான் ஆசைக்குச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் உங்கள் பச்சைக் கோடு. ஆக்சிடைஸ்டு என்பது கறுப்பேற்றிய நிறத்துக்குத்தான் பெயர். அடியில் பித்தளை இருக்கலாம், ஜெர்மன் சில்வர் இருக்கலாம். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி பொட்டுகூடக் கிடையாது. நீங்கள் எடுக்க வேண்டியது 925: நூறு கிராமில் 92.5 வெள்ளி, 7.5 செம்பு. சுத்த வெள்ளியும் ஓட்டில் அழகாக விழும், ஆனால் மென்மை. கைப்பையில் சாவியோடு கிடந்தால் ஒரு வாரத்தில் முனை மழுங்கிவிடும்.

ஓட்டுக்கு வருவோம். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் நகம் பட்டாலே பள்ளம் விழும். நமக்கு வேண்டியது அந்த வயிற்றுப் பக்கம். நடுவில் இரண்டு விரல் தடிமன் இல்லாத ஓட்டைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் போட்டு, பிறகு நிழலில் மாதக்கணக்கில் கிடக்கட்டும். காய்ந்ததா என்று பார்க்க நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். வெடுக்கென்று ஒட்டிக்கொண்டால் காய்ந்திருக்கிறது. ஒட்டவில்லை என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. மூடிய அச்சுக்குள் ஈரத்தின் மேல் உருகிய வெள்ளி விழுந்தால் ஆவி வெளியே வர வழி தேடும். அது தேடிக் கண்டுபிடிக்கும் வழி உங்கள் முகத்துக்கு நேராக இருக்கலாம்.

காய்ந்த ஓட்டை நடுவில் குறுக்காக ரம்பத்தால் அறுத்து, இரண்டு துண்டின் வயிற்றுப் பக்கத்தையும் சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில் தேயுங்கள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தூள் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நிஜச் சிப்பியைத் தாராளமாக அழுத்தலாம். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, மெல்லிய ஓடு அழுத்தும்போது நொறுங்கும். உள்பக்கம் அரக்கு உருக்கி நிரப்பிக்கொண்டு அழுத்துங்கள். இரண்டு, எடை. வெள்ளி ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 10.4 கிராம். சுண்டுவிரல் நுனி அளவுச் சிப்பி முழுசாக மூன்று மில்லி வந்தால் டாலர் 31 கிராம். யார் கழுத்து தாங்கும்? அதனால் ஒரு துண்டில் மட்டும் சிப்பியின் முதுகை ஆழமில்லாமல் அழுத்தி, மறு துண்டைத் தட்டையாகவே விடுங்கள். ஒரு மில்லிக்குள் முடியும். மட்டி, சின்னச் சிப்பி இவை சுலபமாக வெளியே வரும். ஐவிரல் சங்கு போலக் கிளை விரித்தவை வரவே வராது, இழுத்தால் அச்சைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இப்போது என் பைத்தியக்காரத்தனம். சிப்பியே வேண்டாம் என்பேன். ஓட்டின் உள்ளே அடுக்கடுக்காகத் தகடு, தகடுக்கு நடுவே மெல்லிய தூண்கள். கணவாய் அதில் காற்றையும் நீரையும் ஏற்றி இறக்கித்தான் கடலில் மிதப்பைச் சரிசெய்கிறது. வயிற்றுப் பக்கத்தில் ஒரு வடிவம் கீறி, மெல்லிய தூரிகையால் அந்த வரிகளின் திசையிலேயே மெதுவாகத் தள்ளுங்கள். மெத்தென்ற பகுதி உதிர்ந்து, கெட்டியான கோடுகள் மட்டும் நிற்கும். வட்டமாக வளைந்து, ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி. வெள்ளி அந்தக் கோட்டில் ஒன்றுகூட விடாமல் எடுத்துவிடும். அரம் கொண்டு யாரும் போட முடியாத கோடு அது. எந்த ஓட்டிலும் இன்னொரு ஓட்டின் கோடு இருக்காது. உங்கள் கோணல் ஆசைக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

வடிவத்துக்கு மேலே புனல் வெட்டுங்கள். புனலில் நிற்கும் வெள்ளி, டாலரின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். டாலர் உறையும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்கு மேலே உருகி நிற்கும் வெள்ளிதான் தீனி. அது குறைந்தால் முதுகில் குழி விழும். வடிவத்தின் ஓரங்களிலிருந்து மேல்நோக்கிக் காற்றுக்குக் கீற்று போடுங்கள். முடி தடிமன் போதும். இரண்டு துண்டையும் சேர்த்து இரும்புக் கம்பியால் கட்டி, ஒரு தட்டில் காய்ந்த மணலில் நிமிர்த்தி வையுங்கள்.

உருக்குவது: மூசையில், அதாவது வெள்ளி உருக்கும் கிண்ணத்தில், வெண்காரம் தூவி முதலில் கண்ணாடிப் பூச்சு ஏற்றிக்கொள்ள வேண்டும். சுத்த வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். 925 அதற்குக் கீழேயே, ஏறக்குறைய 890-ல் முழுசாக நீராகிவிடும். உருகிய வெள்ளி காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏகமாகக் குடிக்கும், உறையும்போது துப்பும். அந்தத் துப்பல்தான் உள்ளே பொத்தல். கொஞ்சம் கரித்தூள் மேலே போட்டால் அடங்கும். மூசையை லேசாக ஆட்டும்போது மேல்பரப்பு பளிச்சென்று ஒரே உருண்டையாகப் புரண்டால் சமயம் வந்துவிட்டது. நெருப்பை எடுக்காமல், ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். பாதியில் தயங்கினால் நடுவில் மடிப்பு விழும். ஊற்றியதும் மயிர் கருகுகிற நாற்றம் வரும். ஓட்டில் சுண்ணாம்போடு கைட்டின் என்ற உயிர்ப்பொருளும் உண்டு, அதுதான் எரிகிறது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். ஆபத்துதான். சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு விழுந்தால் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும். நைலான் நைட்டி, பாலியஸ்டர் துப்பட்டா போட்டுக்கொண்டு நெருப்புப் பக்கம் நிற்காதீர்கள். பருத்தி உடை, மூடிய செருப்பு, கண்ணாடி. சமையல் கடைகளில் விற்கும் பியூட்டேன் டார்ச் பத்துப் பன்னிரண்டு கிராமுக்கே திணறும்.

அதனால் என் யோசனை: அச்சை நீங்கள் செய்யுங்கள். உருக்கி ஊற்றுவதை அந்த உரைகல் பத்தரிடம் விடுங்கள். பட்டறைகளில் இப்படி வேலை பிரித்துச் செய்வது புதிதில்லை. கட்டிய அச்சையும் எடை போட்ட வெள்ளியையும் கொடுத்தால் கூலிக்கு ஊற்றித் தருவார். பக்கத்தில் நின்று பாருங்கள், நாலு தடவை பார்த்தால் கை தானாக நெருப்பைப் புரிந்துகொள்ளும். ஓர் அச்சு ஒரு வார்ப்புக்குத்தான். பிரித்துப் பார்த்தால் உள்ளே கருகியிருக்கும், தூக்கிப் போட வேண்டியதுதான்.

பவளம், கடற்குதிரை பற்றி வேறு யாராவது சொல்லுங்கள். பயப்பட வேண்டிய விஷயம் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

மீன்வளம் படித்தவள் எழுதியது:

பவளம் பற்றி நான் சொல்கிறேன். அக்கா, அந்த டப்பாவைப் படம் எடுத்து எங்கும் போட்டுவிடாதீர்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் நிறையக் கடல் உயிர்களைச் சேர்த்தார்கள். கடற்குதிரை, பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி எல்லாம் அப்போது முதல் அட்டவணையில் சேர்ந்தவை. புலிக்கு உள்ள அதே அட்டவணை. செத்தது, காய்ந்தது, கரை ஒதுங்கியது, வலையில் தானாக வந்தது என்ற விளக்கமெல்லாம் எடுபடாது. நகையில் பதித்து விற்றால் அது வணிகம், இன்னும் மோசம். வலையில் உயிரோடு வந்தால் திரும்பக் கடலில் விட அண்ணனிடம் சொல்லுங்கள். டப்பாவில் இருப்பதை என்ன செய்வது என்று வனத்துறை அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் இதை வெறும் சட்டமாக மட்டும் பார்க்க முடியாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டபோது தீவுகள் 21. அதில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று வருஷக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பாறை போனால் அலையைத் தடுக்க அங்கே வேறு எதுவும் இல்லை.

சோழியிலும் சங்கு வகைகளிலும்கூடச் சில இனங்கள் பட்டியலில் உண்டு. பெயர் தெரியாத எதையும் அச்சுக்கு எடுக்காதீர்கள். சாப்பிடுகிற மட்டி போதுமே.

ஓடு பற்றி: ஓட்டுக் கணவாய்க்குத்தான் இந்த வெள்ளை ஓடு. ஊசிக் கணவாய்க்குள் கண்ணாடித்தாள் போன்ற ஒரு மெல்லிய தண்டு மட்டும் இருக்கும், அது உதவாது. கடல் நுரையும் இதே ஓடுதான், ஆனால் மருந்துக்கு இடிப்பதற்கென்று வருவதால் சின்னதும் உடைந்ததுமாக இருக்கும். லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிட விற்பதும் அளவில் சின்னதுதான். பெரிய ஓடு வேண்டும் என்றால் கரையில் தேடுவதைவிட, கணவாய் சுத்தம் செய்கிற கூடங்களில் கேளுங்கள். நம் பக்கத்தில் பெரிதாகக் கிடைக்கிற இனத்தின் ஓடு ஒரு சாணுக்கு மேலேகூட வருவதுண்டு. அங்கே அதைக் குப்பையாகத்தான் ஒதுக்குகிறார்கள். என்ன, ஈரமாகவும் நாற்றமாகவும் வரும். மொட்டைமாடி இருந்தால் நல்லது, பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

சேலத்துக்காரன் எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விற்கப்போகிறீர்களா, வீட்டில் வைத்து அழகு பார்க்கப்போகிறீர்களா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நாங்கள் கொலுசு வேலை. பத்து ஜோடி என்றால் பத்தும் ஒரே எடை, ஒரே நீளம். கடைக்காரன் தராசில் போட்டுத்தான் எடுப்பான். கணவாய் ஓட்டில் ஒன்று 9 கிராம், அடுத்தது 13 கிராம் வரும், பத்தில் மூன்று ஊனமாக வரும். இணையத்தில் படம் போட்டு ஒன்றை விற்றால் அடுத்த ஆள் அதேதான் வேண்டும் என்பார். கொடுக்க முடியுமா?

விற்பதானால், நல்லதாக விழுந்த ஒன்றை மூலமாக வைத்து ரப்பர் அச்சு எடுங்கள். அதில் மெழுகு ஊற்றி, மெழுகுகளை ஒரு தண்டில் ஒட்டி, பிளாஸ்டர் ஊற்றி, சூளையில் மெழுகை எரித்துவிட்டு வெள்ளி ஊற்றுவார்கள். கோயம்புத்தூரில் கூலிக்குச் செய்து தருகிறார்கள். கோட்டில் ஒன்றுகூடக் குறையாது, விலையும் கட்டுப்படும்.

ஹால்மார்க்: தங்கத்துக்கு 2021 ஜூனிலிருந்து கட்டாயம். வெள்ளிக்கு விருப்பம்தான். 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் தனி அடையாள எண்ணோடு முத்திரை போடுகிறார்கள். ஆரம்பத்திலேயே அதற்கு ஓட வேண்டாம். டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்கும் கடையில் ஒரு துண்டைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர்களுக்குக் காட்டலாம். நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். விலை போடும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

தெரேஸ்புரத்துக்காரி எழுதியது:

அண்ணன்மாருக்கும் தங்கைக்கும் ரொம்ப நன்றி. கடற்குதிரை விஷயம் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அண்ணனிடம் சொன்னேன், "இதெல்லாம் எங்களுக்கு எப்பவோ தெரியும், நீதான் கேட்டு வாங்கி வச்சுக்கிட்ட" என்கிறார். நாளைக்கே வனத்துறை அலுவலகத்துக்குப் போகிறோம்.

சேலத்து அண்ணன் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரே மாதிரி ஐம்பது செய்ய எனக்கு ஆசை இல்லை. மாதத்துக்கு ஐந்தாறு செய்து, அதை வாங்க ஆள் இருந்தால் போதும்.

வடசேரி அண்ணனிடம் இன்னும் கேள்வி இருக்கிறது. பவளத்தின் அந்தக் கிளைகள்தான் எனக்கு மிகவும் பிடித்த வடிவம். தொடாமல் அதை வெள்ளியில் கொண்டுவர வழி உண்டா? ஒரு தோழி, ஈரத் துடைப்பத்தின் மேல் வெள்ளி ஊற்றினால் பவளம் போலவே வரும் என்கிறாள். நீங்கள் ஈரமே ஆகாது என்கிறீர்களே? கடல் காற்றில் வெள்ளி கறுக்காமல் இருக்க என்ன செய்வது? விலை எப்படிப் போடுவது?

வடசேரி பட்டறை எழுதியது:

தோழி சொன்னது நிஜம்தான். துடைப்பக் குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, இரும்பு டப்பாவில் நெட்டுக்குத்தலாக நெருக்கமாக அடுக்கி, மேலே ஊற்றுவார்கள். வெள்ளி குச்சிகளுக்கு நடுவே கீழே இறங்கி, நுனியில் சொட்டுச் சொட்டாக உருண்டு உறையும். அங்கே ஈரம் ஏன் ஆகிறது என்றால், டப்பா திறந்திருக்கிறது. ஆவி மேலே போய்விடும். வெள்ளியைக் குருணையாக்க உயரத்திலிருந்து தண்ணீர் வாளியில் ஊற்றுவதும் எங்கள் தொழிலில் வழக்கமான வேலைதான். ஆவியை அடைத்து வைத்தால்தான் வெடிக்கும். ஆனாலும் துடைப்பத்தில் தெறிக்கும், முகக் கவசம் இல்லாமல் கூடாது.

ஆனால் நீங்கள் தூத்துக்குடியில் இருந்துகொண்டு துடைப்பத்துக்கு ஏன் போகிறீர்கள்? உப்பு இருக்கிறதே!

உங்கள் உப்பளத்தில் வாருகிற பெரிய பரல் உப்பை வாங்கி, இரும்புச் சட்டியில் வறுங்கள். படபடவென்று வெடிக்கும். பரலுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் அப்படி வெடிக்கிறது. சத்தம் முழுசாக அடங்கும்வரை வறுக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. ஆறாமல் சூட்டோடு ஓர் எவர்சில்வர் டம்ளரில் நிரப்புங்கள். அலுமினியம் வேண்டாம், அதுவே 660 டிகிரியில் உருகிவிடும். உப்பின் மேல் வெள்ளியை ஊற்றினால் அது பரல்களின் இடுக்கில் ஓடும். உப்பு உருகுவது 801 டிகிரியில், வெள்ளி அதைவிடச் சூடு. அதனால் தொட்ட இடத்தில் உப்பின் விளிம்பு மட்டும் லேசாகக் கரைந்து கொடுக்கும், வெள்ளி ஓடிய சந்தெல்லாம் கொஞ்சம் மழுங்கலாக வரும். முழுசாக ஆறட்டும். பிறகு டம்ளரோடு தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். உப்பு கரைந்துபோய், பொத்தலும் கிளையுமாக, சில இடத்தில் சதுரக் குழியுமாக ஒரு கட்டி கையில் நிற்கும். பவளமா என்று கேட்டால் பவளம் இல்லை. ஆனால் கடலிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியும், எந்த அதிகாரியும் கேள்வி கேட்க முடியாது.

எந்தப் பகுதி டாலர், எந்தப் பகுதி மோதிரத்து முகப்பு என்று திருப்பித் திருப்பிப் பார்த்து அறுத்து எடுக்க வேண்டியதுதான். மிச்சம் அடுத்த உருக்குக்கு. ஒன்று முக்கியம்: கொதிநீரில் பல தடவை அலசுங்கள். குழிக்குள் உப்பு தங்கினால் 925-ல் உள்ள செம்பை அரித்துப் பச்சை கக்கவைக்கும்.

வார்ப்பிலிருந்து வரும்போது வெள்ளி கறுத்து, சாம்பல் பூசி அசிங்கமாக இருக்கும், பயப்படாதீர்கள். நாங்கள் தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் போடுவோம். வீட்டில் அது வேண்டாம். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பால்வெள்ளையாகிவிடும். இரும்புச் சாமணத்தை அதில் விடாதீர்கள், வெள்ளி மேல் செம்பு ஏறிச் சிவந்துவிடும். மரக்குச்சி போதும். அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் அடக்கமான மெருகு வரும். பஃபிங் மெஷினில் கொடுத்துவிடாதீர்கள். கணவாய்க் கோடுகளெல்லாம் வழவழவென்று போய்விடும், பிறகு எதற்கு இத்தனை பாடு?

கறுப்பு பற்றி. வெள்ளியைக் கறுக்கவைப்பது பெரும்பாலும் காற்றில் உள்ள கந்தகம். சாக்கடை, முட்டை, ரப்பர் பேண்ட் எல்லாம் கந்தகம்தான். கடல் உப்பு வேர்வையோடு சேர்ந்து தன் பங்குக்குச் செம்பைத் தொந்தரவு செய்யும். போட்டுக்கொண்டே இருந்தால் உடம்பில் உரசிப் பளிச்சென்றே இருக்கும். கழற்றினால் துடைத்து, காற்றுப் புகாத ஜிப் கவரில் போடுங்கள். தங்க நகைக்குச் சுற்றுகிற ரோஸ் தாள் பார்க்கத்தான் அழகு, கந்தகத்தை அது தடுக்காது.

ஆனால் உங்கள் டாலருக்குக் கொஞ்சம் கறுப்பு வேண்டும். கோட்டின் பள்ளம் கறுத்து மேடு வெளுத்தால்தான் கண்ணுக்குக் கோடு தெரியும். ஒரு முட்டையை நன்றாக அவித்து, மஞ்சள் கருவை நசுக்கி, டப்பாவில் ஓர் ஓரம் வைத்து, மறு ஓரம் டாலரை வைத்து மூடிவிடுங்கள். ஒன்றையொன்று தொட வேண்டாம். ஒரு ராத்திரியில் கறுத்துவிடும். பிறகு திருநீற்றை விரலில் தொட்டு மேடுகளை மட்டும் தேயுங்கள். பள்ளத்தில் கறுப்பு நின்றுவிடும். இப்படிச் செய்ததை அலுமினியத் தாள், சமையல் சோடா முறையில் மட்டும் சுத்தம் செய்யாதீர்கள், மொத்தக் கறுப்பும் போய்விடும். வாங்குகிறவர்களுக்கும் இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

விலை. சேலத்து அண்ணன் கணக்கு கடைக் கணக்கு, அவர் தொழிலுக்கு அது சரி. நீங்கள் எடையை எழுதுங்கள், ஆனால் எடைக்கு விலை போடாதீர்கள். எடைக்கு என்று ஆரம்பித்தால் வாங்குகிறவர் அன்றைய வெள்ளி விலையைப் போனில் பார்த்துக் கழித்துவிட்டு, மீதிக்கு உங்களைப் பேரம் பேசுவார். கொலுசில் செய்கூலி சொற்பம், ஏனென்றால் அது வேகம். உங்களுடையதில் ஓடு பொறுக்கியது, காயவைத்தது, தேய்த்தது, ஊனமாக வந்த மூன்று, எல்லாமே கூலி. ஊனமானதையும் புனல் கட்டியையும் திரும்ப உருக்கலாம். ஆனால் பழையது பாதிக்கு மேல் போகாமல் புது வெள்ளி சேருங்கள், இல்லாவிட்டால் பொத்தல் கூடிக்கொண்டே போகும். அவர் சொன்ன ரப்பர் அச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணவாய்க் கோட்டை ஐம்பது படி எடுத்து விற்றால், நீங்கள் வாங்கி ஏமாந்த அந்த டாலர்க் கடைக்கும் உங்களுக்கும் டச் மட்டும்தான் வித்தியாசம்.

சேலத்துக்காரன் எழுதியது:

டச் வித்தியாசம் சின்ன வித்தியாசமா அண்ணே? சரி, விடுங்கள். உப்பு வார்ப்பை நானே ஒரு தடவை பார்க்கப்போகிறேன்.

தங்கச்சி, ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். டாலர் கொக்கியை வார்ப்பிலேயே சேர்த்து ஊற்றாதீர்கள், மெல்லிய இடம் முதலில் உறைந்து அங்கேதான் உடையும். தனியாக வெள்ளிக் கம்பி வளையம் செய்து, வெள்ளிப்பொடி (வெள்ளியை ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்து ஊதச் சொல்லுங்கள். ஈயம் வைத்து ஒட்டுகிற ஆளிடம் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை அதே துண்டை உருக்கினால் ஈயம் வெள்ளிக்குள் போய் நொறுங்கவைத்துவிடும். செயினை இப்போதைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.